ஒன்பதாம் தேதி வாக்குமூலம்

அத்தியாயம் - 6

தாம்பரத்தில் கடல் கிடையாது. ஏரி உண்டு, ஏரியை மேடாக்கிக் கட்டிய நகர்கள் உண்டு, மழைக்காலத்தில் அந்த நகர்களுக்குள் படகு விடும் வசதியும் உண்டு. கடல் மட்டும் கிடையாது. இருந்தும், ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு 'அலையரசி மேரிடைம் சர்வீசஸ்' இருபது வருடமாக உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது.

அதன் வரவேற்பறையில் சிட்டிபாபு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தான். எதிர்ச் சுவரில் மரத்தால் செய்த கப்பல் சக்கரம். பக்கத்தில் 'பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்று பெரிய பலகை. பலகைக்கு நேர் கீழே ஏ.சி.யிலிருந்து சொட்டிய தண்ணீர் பக்கெட்டை நிரப்பிவிட்டுத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்தபோது அதில் வழுக்கி, சிட்டிபாபுவின் மூச்சு ஒருமுறை நின்று திரும்பியிருந்தது.

"இன்னாக்கா இது, கப்பல் ஆபீசா, பல் ஆஸ்பத்திரியா? இவ்ளோ நேரம் ஒக்கார வெச்சா கடைசில எத்தையாவது புடுங்காம உட மாட்டானுங்க."

"நாலரை வரைக்கும் ராகுகாலம். முதலாளி அதுவரைக்கும் யாரையும் பார்க்க மாட்டாராம்" என்றாள் ஞானஜோதி, கையிலிருந்த காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கடல்ல போறவன் புயலப் பாப்பான். கரைல குந்திகினு கீறவன் ராகுவப் பாக்கறானா? ஷோக்கா கீது."

ஞானஜோதிக்கு ஐம்பத்தொரு வயது. ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பத்தொன்பது வருடம், கேட்டு வரும் இழப்பீடுகளில் எது உண்மை, எது பொய் என்று பிரித்துச் சொல்லும் வேலை பார்த்தவள். ஒருநாள், உண்மையான ஒன்றைப் பொய் என்று எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தாள், ராஜினாமாவை. இப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள்.

சிட்டிபாபு அவளுடைய உதவியாளன். பொழிச்சலூரின் பழைய குடும்பம். அப்பா தன் நிலங்களை விற்றார். மகன் அடுத்தவர்கள் நிலங்களை விற்றான். பன்னிரண்டு வருடம் புரோக்கராக இருந்ததில் அசல் பத்திரம் எது, அரைமணி நேரத்துக்கு முன் பழுப்பாக்கிய பத்திரம் எது என்று மோந்து பார்த்தே சொல்லும் மூக்கு அவனுக்கு வாய்த்திருந்தது. அந்த மூக்குக்கு அக்கா சம்பளம் கொடுத்தாள். வாய்க்குத் தனியாக எதுவும் கொடுப்பதில்லை. அது தானாகவே வேலை பார்த்தது.

விவகாரம் இதுதான். பொழிச்சலூர் வெற்றிவேல், 'எம்.வி. ஆலிவ் மெர்சி' என்ற சரக்குக் கப்பலில் மாலுமி. கனடாவிலிருந்து கொரியாவுக்குப் போகும் வழியில், சரக்கு அறைக்குள் இறங்கும் இரும்பு ஏணியின் படி ஒடிந்து கீழே விழுந்தான். முழங்கால் போயிற்று. கொரியாவில் இறக்கி, கட்டுப் போட்டு, விமானத்தில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையில் அடிபட்டவனுக்குக் குணமாகும் வரை வைத்தியம் பார்ப்பது கப்பல்காரரின் கடமை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கம்பெனியோ, அவன் வேலையில் விழவே இல்லை என்கிறது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, மாலுமிகளின் வழக்குகளைக் கேட்கும் அரசாங்க ஷிப்பிங் மாஸ்டர் அலுவலகத்தில் விசாரணை. இந்த மாதக் கடைசிக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் முழங்கால் இப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இறுகிய காலோடு எவனும் கப்பலேற முடியாது.

நாலு முப்பத்தொன்றுக்குக் கதவு திறந்தது.

முதலாளி சத்யநாராயணன் தோளில் பொன்நிறப் பட்டை வைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பார்த்தால் நேற்றுத்தான் பசிபிக்கிலிருந்து வந்தவர் மாதிரி. உண்மையில் அவர் கடைசியாக ஏறியது முட்டுக்காடு சுற்றுலாப் படகு. அதிலும் பாதி வழியில் வாந்தி எடுத்து, திரும்பக் கொண்டுவந்து விடச் சொன்னவர்.

"வாங்க மேடம். வீ ஆர் எ ஃபேமிலி ஹியர். வெற்றிவேல் எனக்குத் தம்பி மாதிரி. தம்பி தப்புப் பண்ணா அண்ணன் என்ன செய்ய முடியும், சொல்லுங்க?"

"என்ன தப்பு சார்?"

அவர் ஒரு தாளை எடுத்து முன்னால் தள்ளினார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலம். ஞானஜோதி அதைத் தமிழில் மெதுவாகப் படித்தாள். "'நான், வெற்றிவேல், வேலை நேரம் முடிந்தபின், நண்பர்கள் தடுத்தும் கேளாமல், டேபிள் டென்னிஸ் மேஜை மீது ஏறி நடனமாடினேன். சொந்தக் கவனக்குறைவால் கீழே விழுந்தேன். கம்பெனி என்னைத் தாயைப்போல் கவனித்துக்கொண்டது. இப்போது பூரண நலம். இனி எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன். ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கப்பல் நேரம் காலை ஏழு ஐம்பது, நடுக்கடலில், கேப்டன் முன்னிலையில் கையொப்பமிட்டது.'"

கேப்டனின் ரப்பர் முத்திரை நன்றாக விழுந்திருந்தது. தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே அரைமணி நேரத்தில் பிரதமர் முத்திரையே செய்து தருவார்கள் என்பது சிட்டிபாபுவுக்குத் தெரியும்.

"நடனம் ஆடினாரா!" என்றாள் ஞானஜோதி.

"யூத் மேடம். கையெழுத்து அவருதா இல்லையா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

"அவருதுதான். கப்பலுக்குக் கிளம்பற அன்னிக்கு நாற்பது தாள்ல கையெழுத்து வாங்கினீங்களாமே? அதுல பாதித் தாள் மேல ஒண்ணுமே எழுதாம வெள்ளையா இருந்துச்சாம்."

"ஃபார்மாலிட்டி மேடம். ஏர்போர்ட் கார் கீழ நிக்கும்போது எல்லாத்தையும் டைப் பண்ணிட்டா இருக்க முடியும்?"

"தாயைப்போல்னு எழுதியிருக்கார். நல்லா எழுதறார்."

"எங்க ஸ்டாஃப் எல்லாருமே அப்படித்தான் எழுதுவாங்க" என்றார் அவர் பெருமையாக.

சிட்டிபாபுவின் கண் சுவரிலிருந்த மாதக் காலண்டரில் நின்றது. போன மாதத் தாள் இன்னும் கிழிக்கப்படவில்லை. ஏழாம் தேதியிலும் எட்டாம் தேதியிலும் சிவப்பில் பெருக்கல் குறி. "இன்னா சார் அது? லீவு நாளா?"

"அஷ்டமி, நவமி. அந்த ரெண்டு நாளும் எங்க ஆபீஸ்ல ஒரு பேப்பர் போட மாட்டோம். இருபது வருஷமா அதுதான் பிரின்சிபிள்."

படியிறங்கும்போதே சிட்டிபாபு ஆரம்பித்துவிட்டான். "அக்கா, புட்ச்சேன் பாரு! ஏழு அஷ்டமி, எட்டு நவமி. அத்தினால ஒம்போதாம் தேதி போட்டு கீறான். ஞாயித்துக்கெழம ஏழே முக்கால்லேர்ந்து எட்டே முக்கால் வரிக்கும் நல்ல நேரம். நம்பாளு நடுக்கடல்ல முட்டி பேந்து கெடக்கறாரு; வலிய ஓரமா வெச்சிட்டு, நம்மூரு காலண்டர்ல நல்ல நேரம் பாத்து கையெழுத்துப் போட்டாரா?"

"எனக்கும் தோணுச்சு. விசாரணை அதிகாரிகிட்ட சொன்னா அவரும் சிரிப்பார். சிரிச்சு முடிச்சிட்டு, ஆதாரம் எங்கேன்னு கேப்பார்."

"அப்ப இன்னா பண்ணப்போறோம்?"

"ஒன்பதாம் தேதி அந்தக் கப்பல்ல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கப் போறோம்."

* * *

பொழிச்சலூரில் வெற்றிவேல் வீட்டுக்கு மேலே பத்து நிமிஷத்துக்கு ஒரு விமானம் இறங்கியது. அந்தப் பகுதிக்காரர்கள் பேச்சை நடுவில் நிறுத்தி, சத்தம் போனபின் விட்ட இடத்திலிருந்து தொடரப் பழகியவர்கள். வெற்றிவேல் கட்டிலில் கால் நீட்டியிருந்தான். முப்பத்துநாலு வயது, தோள் இரண்டும் கதவகலம். இடது முழங்கால் மட்டும் பலாக்காய் மாதிரி.

"மூணாம் நம்பர் ஹோல்டு ஏணிக்கா. மேலேர்ந்து பதினோராவது படி துரு புட்ச்சி ஆடிகினே இருந்துச்சி. சேஃப்டி மீட்டிங்ல ரெண்டு தபா சொன்னேன். 'நோட்டட்'னு நோட்டுல எழுதிக்கினாங்க. மூணாவது மீட்டிங்குக்குள்ள நானே வுழுந்துட்டேன்."

"அஞ்சாம் தேதி புதன்கிழமை விழுந்தீங்க. சரி. ஒன்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை காலைல என்ன பண்ணீங்க?"

வெற்றிவேல் யோசித்தான். விமானம் ஒன்று போயிற்று. அதன்பிறகும் யோசித்தான்.

"தெரிலக்கா. வலிக்கு மாத்திரயா போட்டு கேபின்ல படுக்க வெச்சிட்டாங்க. பகலு எது, ராத்திரி எதுன்னே தெரில. கஞ்சி மட்டும் வரும். கொண்டாந்தது டேனியல் அண்ணன், கப்பல் சமையல்காரரு. அவரும் இப்ப லீவுலதான் கீறாரு, கேளம்பாக்கத்துல. ஆனா பேச மாட்டாரு. நானே ரெண்டு தபா போன் பண்ணேன், எடுக்கல."

அவன் மனைவி வினிதா அதுவரை வாசற்படியில் நின்றிருந்தாள். "மேடம், இவரு எங்க கல்யாணத்துல கூட ஆடல. எங்க மாமா கையப் புட்ச்சி இழுத்தாரு, ஆடல. நடுக்கடல்ல மேஜ மேல ஏறி ஆடினாருன்னு எழுதி கீறாங்க. அத்தப் படிச்சிட்டு எங்க அத்த என்கிட்ட வந்து, 'ஏம்மா, உங்கிட்ட ஆடினானா?'ன்னு கேக்கறாங்க. காலு போச்சி, மானமும் போச்சி. வெள்ளிக்கெழம அந்தாளு ஜெயிச்சிட்டா, இவரு இந்தக் கட்டில்தான். அத்த மட்டும் ஞாபகம் வெச்சிக்கங்க."

சிட்டிபாபு கீழே கிடந்த ஊன்றுகோலை எடுத்து, வெற்றிவேல் கைக்கு எட்டும்படி கட்டிலில் சாய்த்து வைத்தான்.

* * *

மறுநாள் காலை வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கத்துக்கு ஸ்கூட்டரில் போனார்கள். டேனியல் வீட்டு மொட்டை மாடியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். பெரிய உருவம். கத்தி அவர் கையில் தையல் மெஷின் மாதிரி ஓடியது.

"வெற்றி விஷயம்னா இப்பவே கெளம்பிடுங்க. அடுத்த மாசம் எனக்கு ஜாயினிங், அதே ஆபீஸ். பொண்ணுக்குக் காலேஜ். நான் எதையும் பாக்கல, கேக்கல."

"அடிபட்டதைப் பத்தி ஒரு கேள்வி கூடக் கேக்க மாட்டேன்" என்றாள் ஞானஜோதி. "சமையலைப் பத்திக் கேக்கலாமா? இருபத்திரண்டு பேருக்கு, ஆடற கப்பல்ல, மூணு வேளை. எப்படிச் சமாளிக்கறீங்க?"

முப்பது வருடமாக எவனும் கேட்காத கேள்வி. டேனியல் கத்தியைக் கீழே வைத்தார்.

அடுத்த இருபது நிமிஷம் சிட்டிபாபு உலகத்தின் துறைமுகங்களையெல்லாம் முட்டைக்கோஸ் வழியாகச் சுற்றி வந்தான். எங்கே கறி நன்றாக இருக்கும், எங்கே மீன் ரப்பர், எந்த நாட்டு அரிசி குழையும். பிறகு டேனியலே உள்ளே போய் நீல அட்டை நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். தேதி போட்டு, கிழமை போட்டு, கப்பலில் அன்றன்று என்ன சமைத்தார் என்று எழுதி வைத்திருந்தார். "கேப்டன் கேட்டா காட்டணும் இல்ல? ஒரு நாள் உட்டதில்ல."

"ஞாயித்துக்கிழமை விசேஷமா ஏதாவது உண்டா?"

"நல்லா கேட்டீங்க! நம்மாளுங்க இருக்கற கப்பல்ல ஞாயித்துக்கெழமன்னா பிரியாணி. அலை அடிக்கட்டும், இன்ஜின் நிக்கட்டும், பிரியாணி நிக்கக் கூடாது. ஒரு வாரம் இல்லன்னா கப்பல எனக்கு மேலயே கவுத்துடுவாங்க."

"ஆலிவ் மெர்சியில, போன மாசம் ஒன்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை, ஆடா, கோழியா?"

டேனியல் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். சிட்டிபாபு எட்டிப் பார்த்தான். எட்டாம் தேதி, சனி: சப்பாத்தி, பருப்பு. அதற்கு நேர் கீழே பத்தாம் தேதி, திங்கள்: இட்லி, சாம்பார். நடுவில் ஒரு கோடுகூட விடுபடவில்லை.

"இன்னா டேனியலண்ணே, ஒரு நாள் உட்டதில்லன்னு சொல்லிகினே ஒரு நாள முழுங்கிட்டீங்க?"

டேனியல் தொப்பை குலுங்கச் சிரித்தார். "நான் முழுங்கல தம்பி, கடல் முழுங்கிடுச்சி. பசிபிக் நடுவுல தேதிக் கோடு ஒண்ணு இருக்கு. அமெரிக்கா பக்கத்துலேர்ந்து ஆசியா பக்கம் வரப்போ அத்தத் தாண்டினா, காலண்டர்ல ஒரு நாள் காணாமப் போயிடும். சனிக்கெழம ராத்திரி படுத்தோம், எழுந்தா திங்கக்கெழம. அந்தக் கப்பல்ல ஒம்போதாம் தேதியே கெடையாது! நம்மாளுங்க பிரியாணி போச்சேன்னு கலாட்டா. பதினோரு பேரு கையெழுத்துப் போட்டு, திங்கக்கெழம பிரியாணி வேணும்னு கேப்டனுக்கு மனு குடுத்தாங்க. அவரு கிரீஸ்காரரு. வாங்கிப் பாத்து 'நோட்டட்'னு எழுதித் திருப்பிக் குடுத்துட்டாரு. வெற்றிக்குக் கஞ்சி கொண்டு போனப்ப கூட நான்..."

நின்றுவிட்டார். சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. நோட்டை மூடினார்.

"மேடம். இத்த எங்கயும் சொல்லாதீங்க. என் பேரு வந்துச்சின்னா எனக்கு இனிமே கப்பல் கெடையாது."

"வராது. நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று ஞானஜோதி எழுந்துகொண்டாள்.

ஸ்கூட்டரைக் கிளப்பும்வரை சிட்டிபாபு பொறுத்தான். "அக்கா, பேஜார் பண்றியே! கையில கெடச்ச சாட்சிய அவராண்டயே உட்டுட்டு வரியே?"

"ஒருத்தர் காலைக் காப்பாத்த இன்னொருத்தர் சோத்துல மண்ணு போடணுமா? ஒரு முழு நாளே காணாமப் போயிருக்கு சிட்டி. அது ஒரே ஒரு நோட்டுலயா காணாமப் போயிருக்கும்?"

"அப்ப இப்பவே அந்தாளு ஆபீசுக்குப் போயி மூஞ்சில அடிக்கலாம், வா."

"அடிச்சா, 'டைப்பிங் மிஸ்டேக், பத்தாம் தேதி'ம்பார். முதல்ல அவரை அந்தத் தேதியில நல்லா உக்கார வைக்கணும். எழுந்திருக்க முடியாத மாதிரி."

வியாழக்கிழமை முழுதும் அக்கா அலுவலகத்தில் உட்கார்ந்து, கம்பெனி விசாரணைக்காக அனுப்பியிருந்த கட்டைப் படித்தாள். அறுபத்திரண்டு இணைப்புகள். எதிராளி பார்த்ததும் பயந்துவிட வேண்டும் என்பதற்காகவே கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் சேர்த்துத் தைத்திருந்தார்கள். சிட்டிபாபு அதைப் பழைய பேப்பர் கடையில் எடை போட்டுப் பார்த்திருந்தான். இரண்டு கிலோ முன்னூறு. சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா அதற்குள் ஒரு துண்டுச் சீட்டை வைத்து மூடிவிட்டு, முதல் முறையாக டீ கேட்டாள்.

* * *

வெள்ளிக்கிழமை தாம்பரத்திலிருந்து பீச் ரயிலில் போனார்கள். வெற்றிவேலை ஜன்னலோரம் உட்கார வைத்து, நீட்டிய காலுக்கு வினிதா பல்லாவரம் முதல் பூங்கா ஸ்டேஷன் வரை கூட்டத்தோடு சண்டை போட்டு இடம் காத்தாள்.

விசாரணை அதிகாரி ஸ்ரீரங்கன் முகத்தில் எதையும் காட்டாதவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார். நடனம் வந்த இடத்தில் வெற்றிவேலை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

"கையெழுத்து உங்களுடையதா?"

"ஆமா சார். ஆனா..."

"ஆனா என்கிறது அப்புறம். அம்மா, நீங்க என்ன சொல்லணும்?"

ஞானஜோதி எழுந்தாள். குரலை வேண்டுமென்றே கொஞ்சம் தயங்க வைத்திருந்தாள் என்பது சிட்டிபாபுவுக்கு மட்டும் தெரிந்தது. "பெரிசா ஒண்ணும் இல்லை சார். தேதியில ஒரு சின்னச் சந்தேகம். எட்டாம் தேதி எழுதினது, டைப் அடிக்கறப்போ ஒன்பதுன்னு விழுந்துடுச்சோன்னு..."

"நோ, நோ. சான்ஸே இல்லை" என்றார் சத்யநாராயணன்.

"ஒருவேளை பத்தாம் தேதியோ?"

"மேடம், எங்க ரெக்கார்ட்ஸ்ல தேதி தப்பாவே வராது. தரச் சான்றிதழ் வாங்கின கம்பெனி. ஒன்பதாம் தேதி ஞாயிறு, காலை ஏழு ஐம்பது, கப்பல்ல, கேப்டன் கண் முன்னால."

"அதிகாரி அதைக் குறிச்சுக்கலாமா?"

"தாராளமா. நானே எழுதித் தரேன்." எழுதியும் கொடுத்தார். அலையரசி பெயர் அச்சிட்ட தாளில், தேதியைத் தடித்த எழுத்தில்.

"இருந்தாலும் சார், எட்டாம் தேதி இல்லவே இல்லைன்னு எப்படி இவ்வளவு உறுதியா..."

சத்யநாராயணனுக்குப் பொறுமை போய்விட்டது. "எட்டாம் தேதி நவமி மேடம்! நவமில நாங்க எப்படிப் பேப்பர் போடுவோம்?"

ஸ்ரீரங்கன் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"நாங்கன்னா யாரு?"

"அதாவது சார்... கப்பல்ல... கேப்டன்..."

"கேப்டன் எந்த ஊர்?"

"கிரீஸ் சார்."

"கிரீஸ்ல நவமி பார்க்கறாங்களா?"

சிட்டிபாபு இருமினான். அதைச் சிரிப்பு என்று யாரும் நிரூபிக்க முடியாது.

ஞானஜோதியின் குரலில் இப்போது தயக்கம் இல்லை. "சார், கம்பெனி தாக்கல் பண்ணின கட்டுல இணைப்பு முப்பத்தெட்டைப் பாருங்க. தினமும் நண்பகல்ல கப்பல் எங்கே இருக்குன்னு கேப்டன் அனுப்பற அறிக்கை. முப்பத்தெட்டு எட்டாம் தேதி. அடுத்ததைத் திருப்புங்க."

ஸ்ரீரங்கன் திருப்பினார். உதடு அசைய மெல்லப் படித்தார். "இணைப்பு முப்பத்தொன்பது. பத்தாம் தேதி, திங்கட்கிழமை. 'தேதிக் கோட்டைக் கடந்தோம். கப்பல் காலண்டர் ஒரு நாள் முன்னால் நகர்த்தப்பட்டது. ஒன்பதாம் தேதி இந்தக் கப்பலில் கிடையாது.' கேப்டன் கையெழுத்து." நிமிர்ந்தார். "மிஸ்டர் சத்யநாராயணன், கிடையாத நாள்ல, காலை ஏழு ஐம்பதுக்கு, இவர் உங்களைத் தாய்ன்னு எழுதிக் கொடுத்திருக்கார்."

"சார், அது... இந்த இணைப்பெல்லாம் ஆபீஸ்ல பசங்க சேர்த்தது. நான் படிக்கலை."

"தெரியுது. படிச்சிருந்தா சேர்த்திருக்க மாட்டீங்க." ஸ்ரீரங்கன் பேனாவை எடுத்தார். "இந்த வாக்குமூலத்தை நான் ஏத்துக்கலை. இது எங்கே, யாரால தயாராச்சுன்னு தனியா விசாரணை நடக்கும். அது பிறகு. வேலையில அடிபட்டவருக்குக் குணமாகிற வரைக்கும் வைத்தியம் பார்க்கிறது கப்பல் பொறுப்பு. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி கடிதம் கொடுக்கணும். கொடுக்காம நீங்க இந்த ரூமை விட்டுப் போக முடியாது. எழுதுங்க."

வினிதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். வெற்றிவேல் அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்தது நிஜம்தானா என்று அவரிடமே இன்னொரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும்போல.

சத்யநாராயணன் அவசரமாகக் குனிந்தார். கடிதத் தாளைத் தேடிப் பெட்டியைத் திறந்தார். ஒரு கோப்பை இழுத்தார், இரண்டு வந்தன. இரண்டாவது கவிழ்ந்து தாள்கள் மேஜைக்கடியில் பரவின. சிட்டிபாபு உதவி செய்யக் குனிந்தான். பொறுக்கிய முதல் தாளிலேயே அவன் மூக்கு நின்றுவிட்டது. புரோக்கராக இருந்த காலத்தில், இன்னும் சாகாத ஒருவரின் வாரிசுச் சான்றிதழ் ஒருமுறை அவன் கைக்கு வந்திருக்கிறது. அதே வாடை.

எழுந்து அதை அக்காவிடம் கொடுத்தான். அவள் படித்தாள். அவள் முகத்தில் நிறம் மாறி அவன் பார்த்தது அன்றைக்குத்தான். அவள் அதை அதிகாரியின் முன்னால் வைத்தாள்.

ஸ்ரீரங்கன் சத்தமாகவே படித்தார். "'நான், ஹர்ஷா, எம்.வி. ஆலிவ் மெர்சி, நண்பர்கள் தடுத்தும் கேளாமல் டேபிள் டென்னிஸ் மேஜை மீது ஏறி நடனமாடினேன். சொந்தக் கவனக்குறைவால் கீழே விழுந்தேன்...' கீழே கையெழுத்து இருக்கு. தேதி போட்டிருக்க வேண்டிய இடம் காலியா இருக்கு. யார் இந்த ஹர்ஷா?"

"வெற்றிவேலுக்குப் பதிலா ஏத்தின ஆள் சார். போன வாரம்தான் ஜாயின் பண்ணான்."

"எப்போ விழுந்தார்?"

சத்யநாராயணன் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"இன்னும் விழல சார்."

வெளியே துறைமுகத்துக்குப் போகும் லாரி ஒன்று அலறிக்கொண்டு போயிற்று. வெற்றிவேல் ஊன்றுகோலைப் பிடித்து, யாரும் தூக்கிவிடுவதற்குள், தானாகவே எழுந்து நின்றான்.

"சார், என் லெட்டர் அப்பறமா எழுதிக்கலாம். மொதல்ல கப்பலுக்குப் போன் போடுங்க. ஏணிய இன்னும் மாத்தி இருக்க மாட்டானுங்க. இன்னிக்கு அந்தப் பையன ஹோல்டுல எறக்குவாங்களோ இன்னாவோ. பதினோராவது படியில கால வெக்காதன்னு நான் சொல்லணும்."

ஸ்ரீரங்கன் மேஜைத் தொலைபேசியைச் சத்யநாராயணன் பக்கம் தள்ளினார். "கப்பல் நம்பர் சொல்லுங்க."

இருபது வருடமாகக் கப்பலுக்கு ஆள் அனுப்பும் மனிதர் செல்போனைத் துழாவினார். பெட்டியைத் துழாவினார். "ஆபீஸ்ல... யாராவது பசங்க கிட்டத்தான் சார்..."

"வேணாம்" என்றாள் வினிதா.

சுவர்ப்பக்கமிருந்து திரும்பி மேஜையருகே வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் விழுந்த சேதி கேட்ட நாளிலிருந்து கொரியாவில் இறக்கும் வரைக்கும் பொழுது விடிந்து பொழுது சாய எத்தனையோ முறை கூப்பிட்டு, ஒரு முறைகூட எடுக்கப்படாத கப்பல் எண். கையில் சீட்டு இல்லாமல், தடுமாறாமல், அவள் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்ல, அதிகாரி அழுத்தினார்.

பன்னிரண்டாவது இலக்கம் முடிந்தது. நடுக்கடலில் எங்கோ மணி அடிக்க ஆரம்பித்தது. நாலாவது மணியில் ஒரு குரல் "ஹலோ" என்றது. வெற்றிவேல் ரிசீவரைப் பிடுங்காத குறையாக வாங்கினான்.